கேட்டது எந்தப் புள்ளி?

வினாவிடைப் போட்டியின் தலைவரும் நடுவருமாகிய அலவி சேர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பூனாகலையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, பதுளை நகரத்துப் பெற்றோர்களே, வென்றுவிட்டதாகச் சொல்லப்படும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும். வணக்கம்.

நன்றி சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். வென்ற அணியின் கணித ஆசிரியை முஷ்ரிபா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மேசையில் மின்னும் அந்த நுணுக்குக்காட்டியை, அதாவது மைக்ரோஸ்கோப்பை, பரிசாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பள்ளி அதிபர் அவர்களே, உட்காரச் சொல்லிக் கை காட்டுகிறீர்கள், தெரிகிறது. உட்கார்ந்தால் எனக்கு இன்று சோறு இறங்காது.

சற்றுமுன் நடந்தது என்ன? இரண்டு அணியும் சமநிலை. கடைசிக் கேள்வி: "அச்சில் ஒரு புள்ளி என்பது எத்தனை ஆங்ஸ்ட்ரம்?" அச்செழுத்தை அளக்கும் அலகு புள்ளி. அணுவை அளக்கும் அலகு ஆங்ஸ்ட்ரம். என் மாணவன் றுஷ்தி கைவிரித்தான். எதிரணியில் பூனாகலை மேனுஷா எழுந்து, "மூணு புள்ளி..." என்று வாயெடுத்தாள். நடுவர் மணியடித்துவிட்டார். "கேட்டது ஒரு புள்ளி, நீங்க மூணு புள்ளி சொல்றீங்க, பிழை." பிழைக்கு ஒரு புள்ளி கழிந்தது. அந்த ஒரு புள்ளியால் நாங்கள் வென்றோம்.

எந்தப் புள்ளி, ஐயா? அச்சுப் புள்ளியா? பரீட்சைப் புள்ளியா? நகரத்தில் நாம் "இரண்டு தசம் நான்கு" என்போம். அதையே தோட்டத்துப் பிள்ளை "ரெண்டு புள்ளி நாலு" என்பாள். லயத்து வீட்டில் அவள் தாய் பரிமளம் பேசும் தமிழ் அது. அந்தத் தமிழில் அவள் தசமத்தைச் சொன்னாள். நாம் மணியை அடித்தோம்.

பின்னால் யாரோ "சரியாச் சொன்னீங்க டீச்சர்" என்கிறீர்கள். பொறுங்கள். அவள் சொல்ல வந்த விடை சரியா பிழையா, எனக்குத் தெரியாது. தெரியாமலே கேட்கிறேன். என்ன சேர், தீர்ப்பு தீர்ப்புதான் என்கிறீர்களா? பாதி வாக்கியத்துக்கு ஏது தீர்ப்பு? அவளை முடிக்க விடுங்கள். பிழையானால், நுணுக்குக்காட்டியை நானே தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிறேன். அவர்கள் பள்ளியில் ஆய்வுகூடமே இல்லை. அதற்காக இரக்கம் கேட்கவில்லை. உங்கள் காதைத்தான் கேட்கிறேன்.

வாம்மா மேனுஷா. என்னது? "சேர் ஏசுவாருங்களா"வா? ஏசினால் என்னை ஏசட்டும். ஒலிவாங்கியைப் பிடி. விட்ட இடத்திலிருந்து சொல்லு.

"மூணு புள்ளி... அஞ்சு ரெண்டு எட்டு மில்லியனுங்க."

எப்படி வந்தது? சபை கேட்கட்டும்.

"அங்குலத்துல எழுபத்திரண்டு அச்சுப் புள்ளிங்க. அங்குலம்னா இருபத்தஞ்சு புள்ளி நாலு மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர்ல ஒரு கோடி ஆங்ஸ்ட்ரம். அப்ப இருபத்தஞ்சு கோடியே நாப்பது இலட்சம். அத எழுபத்திரண்டால பிரிச்சு, மூணு தானத்துக்குச் சுருக்கினேங்க."

இனி உங்கள் முறை, அலவி சேர். உங்கள் கையில் இருக்கும் விடை அட்டையைப் பிரியுங்கள். அவசரமில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமாகப் படியுங்கள்.

"மூன்று தசம் ஐந்து இரண்டு எட்டு மில்லியன்."

கேட்டீர்களா, சபையோரே? ஒரே விடை, இரண்டு தமிழ்! ஒரு புள்ளியால் நாங்கள் வெல்லவில்லை; ஒரு புள்ளி விளங்காததால் வென்றோம். அந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம்.

றுஷ்தி, நீ ஏன் எழுந்து வருகிறாய்? ஓ, அதற்கா? தூக்கு மகன், கவனம், கண்ணாடி வில்லை இருக்கிறது. மேனுஷாவின் கையில் கொடு.

நடுவர் தலையசைக்கிறார். பிழையைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பெரிய மனதுக்கு நன்றி. என்னை உட்கார வைக்க முடியாமல் போன அதிபருக்கும் நன்றி. பூனாகலைத் தாய்மார்களே, உங்கள் பிள்ளை பேசி முடித்துவிட்டாள். பத்திரமாகப் போய்ச் சேருங்கள், வணக்கம்.