பல்கனிக் கொலிப்ரி

— உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட ஃபோனில கிடக்கிற இந்த வீடியோ ஆர் அனுப்பினது?

— ஆரும் அனுப்பேல்லை, புனிதம். நான்தான் எடுத்தனான். கொலிப்ரிக் குருவி. தேன் குடிக்கிற வடிவைப் பார்.

— கதை விடாதேங்கோ. நான் கூட்டித் துடைக்கிற பள்ளிக்கூடத்து ரீச்சரிட்டக் கேட்டனான். கொலிப்ரி, அதுதான் ஹம்மிங்பேர்ட், ஐரோப்பாவிலயே இல்லையாம். அமெரிக்கா, கனடாப் பக்கம்தானாம்.

— அதுக்கு?

— அதுக்கோ? கனடாவில உங்களோட படிச்ச வேணுகா இருக்கிறா. போன மாசம் முழுக்க ஃபோனும் கையுமாத் திரிஞ்சியள்.

— அட கடவுளே! அது பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு.

— ஒன்றுகூடல்தான் போன மாசத்தோட முடிஞ்சுதே! இப்ப குருவி அனுப்பிற அளவுக்கு வந்திட்டுது.

— விசர்க்கதை கதையாதை. வடிவாப் பார். ஆரின்ர பூச்சட்டி இது?

— விளிம்பு உடைஞ்ச சட்டி... எங்கட ஜெரேனியம்.

— பாத்தியே! இஞ்ச ஊஸ்டரில, எங்கட பல்கனியில எடுத்தது. கொலிப்ரிக்குக் கால் இல்லையாம், அதுதான் அந்தரத்தில நிண்டு குடிக்குது.

— காலில்லாத குருவி எங்கயப்பா இருக்கு? பொறுங்கோ, பெருப்பிச்சுப் பாப்பம். ஐயோ, தலையில ரண்டு கொம்பு! இது குருவியில்லை, பகலில பறக்கிற விட்டில்.

— விட்டிலோ குருவியோ, வேணுகா அனுப்பேல்லை. விளங்கிச்சுதோ? வெயில் எறிச்சாக் காணும், ஒவ்வொரு நாளும் ரண்டு மணிக்கு அந்தச் சட்டியில வந்து நிக்கும்.

— ஒவ்வொரு நாளுமோ?

— ஓம்.

— மத்தியானம் ரண்டு மணிக்கோ?

— ம்.

— அந்த நேரம் நீங்கள் ரெஸ்டோரண்ட் குசினியில எல்லோ நிக்கவேணும்?

— புனிதம்...

— காலமை நான் கட்டித்தாற சோத்தை எங்க வச்சுச் சாப்பிடுறியள்?

— பல்கனியிலதான். நீ வேலைக்குப் போனாப்பிறகு திரும்பி வாறனான். கடை பூட்டி மூண்டு கிழமை. குனிஞ்சு நிமிர நாரி நோகுது, பள்ளிக்கூட வேலை மட்டும் காணும், மற்றப் பின்னேர வேலையை விடப்போறன் எண்டு நீ சொன்ன அண்டைக்குத்தான் வேலை இல்லையெண்டு கடிதம் தந்தவங்கள். நான் எந்த வாயால சொல்லுறது?

— இதுக்கு அந்த வேணுகாவே பரவாயில்லையப்பா. அவவோட எண்டால் சண்டையாவது பிடிச்சிருப்பன்.