சாம்பல் கட்டத்தின் ஓரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, ஓவியக்கூட உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கிய கண்ணோடு அமர்ந்திருக்கும், மறைந்த ஓவியரின் மனைவி, நம் அண்ணி அவர்களே, நண்பர்களே!

'சுவர்க்காரர்' என்று நாம் கூப்பிட்ட ஓவியச் செம்மல் நம்மை விட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. டயர்க் கடை மாடியில், ஒரே அறையில், இருபத்திரண்டு ஆண்டுகள் அவரோடு படம் வரைந்தவன் நான். புகழ்ந்து பேசத்தான் வந்தேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் அவருடைய கடைசிப் படம் என்னைப் பேசவிடவில்லை.

அவர் எதை வரைந்தார்? மலையையா? முகத்தையா? இல்லை! சுவரில் யாராவது கிறுக்கினால், நகராட்சி ஆட்கள் வாளியில் மிஞ்சிய பெயின்ட்டால் அதன்மேல் ஒரு கட்டம் அடித்துவிட்டுப் போவார்கள். நிறம் ஒட்டாது, ஓரம் கோணும். நாம் திரும்பியும் பார்க்காத அந்தக் கட்டங்களைத்தான் அவர் வரைந்தார்! ஒருமுறை பேருந்து நிறுத்தச் சுவர் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். "என்ன நோட்டம் விடுறீங்க?" என்று காவலர் கேட்க, "அந்தப் பச்சையைத்தான் சார்" என்றாராம். நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

ஸ்கேலைத் தொடமாட்டார். "ஓரம் கோணலா இருந்தாத்தான்யா அங்க ஒரு ஆளு இருந்தான்னு தெரியும்" என்பார். அப்படிப்பட்டவரின் படத்தில் இந்தச் சாம்பல் கட்டத்தைப் பாருங்கள்! ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கிறதே, எப்படி? கடைசி ஏழு படங்களும் இப்படித்தான். கடைசி ஆறு மாதம் அவர் எங்கள் மாடி அறைக்கு வரவில்லை, வீட்டிலேயே வரைகிறார் என்றார்கள். நாளை கண்காட்சி. 'முழுவதும் அவர் கையால் வரைந்தவை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். உரிமையாளர் நேற்றிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். ஏன் இந்த அவசரம்? வேறு யாரையோ வைத்துப் படங்களை முடித்துவிட்டாரோ? சபையில் கேட்கிறேன், மன்னியுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் படத்தின் கிட்டே போய்ப் பார்த்தேன். கட்டத்தின் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. துணி வெட்டக் குறிக்கும் தையல் சாக்பீஸ். எந்த ஓவியனிடம் அது இருக்கும்?

அண்ணி, ஏன் எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்... பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன்.

"அவருக்குக் கை நடுங்குச்சு தம்பி. வெளிய தெரியக் கூடாதுன்னாரு. அவரு இடத்தைக் காட்டுவாரு, நான் கோடு போட்டு அடிப்பேன். கோணலாப் போடுன்னாரு, எனக்கு வரல. சரி, உன் கை அப்படித்தான், இருக்கட்டும்னுட்டாரு. எட்டாவது பாதியில நிக்குது."

முப்பது ஆண்டு தையல் இயந்திரம் மிதித்துக் குடும்பத்தை ஓட்டியவர் அண்ணி. அவர் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்! அந்தக் கை என் நினைவுக்கு வரவேயில்லையே! வெட்கப்படுகிறேன்.

உரிமையாளர் அவர்களே, உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இப்போது 'பேசாதே' என்று சைகை காட்டுகிறீர்களே, அதைச் சந்தேகப்படுகிறேன்! அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இரண்டு பேர் வரைந்தவை என்று வேறு தாள் எழுதுங்கள், முதல் ஆளாகப் போடுகிறேன்.

சுவர்க்காரரே, எட்டாவது படம் பாதியில் நிற்காது. அண்ணி, திங்கட்கிழமை காலையில் வருகிறேன். அவர் காட்டிய இடத்தைக் காட்டுங்கள், நான் பெயின்ட் கலக்கித் தருகிறேன். உங்கள் சாக்பீஸை மட்டும் தயாராக எடுத்து வையுங்கள்.