ஹெஸ்டர் இருமாத மாலை

மாலையில் கூட்டுக்குத் திரும்பும் காக்கைகளின் சத்தம் எனக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்தது. டீ ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். என் மனைவி ஹெஸ்டர் எப்படி இறந்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? அதைக் காக்கைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் வங்கியாளன். லண்டனில் ஒரு மேடையில் அவள் பாடக் கேட்டு மணந்துகொண்டேன். இந்த அரங்கை அவளுக்காகத்தான் வீட்டோடு ஒட்டிக் கட்டினேன். கோடைதோறும் ஓபரா என்னும் இசை நாடகம், இடைவேளையில் புல்வெளியில் விருந்து. டார்செட்டின் இந்த மூலைக்கு யார் வருவார்கள் என்று வங்கியில் சிரித்தார்கள். பட்டப்பகலிலேயே ரயிலில் கறுப்புக் கோட்டும் பட்டு கவுனுமாக வந்து இறங்கினார்கள். ஆனால் முதல் கோடைக்கு முன்பே ஹெஸ்டரின் நெஞ்சு கெட்டுவிட்டது. இரண்டு வரி பாடினால் இருமல். அவள் இடத்தில் வேறொருத்தி பாடினாள்.

அந்த ஆண்டு, பாட்டு மெல்லத் தணிகிற ஓர் இடத்தில் காக்கைகள் கத்தின. மறுவாரம் அவை கூடு கட்டியிருந்த எல்ம் மரங்களை வெட்டச் சொன்னேன். அடுத்து குதிரை லாயத்துக் கடிகாரம் மணியடித்தது, நிறுத்தினேன். தேவாலய மணியையும் நிறுத்தச் சொல்லிப் பாதிரியாரிடம் போனேன். தேவாலயக் கூரையைப் பழுதுபார்த்துத் தருகிறேன் என்றதும், "ஞாயித்துக்கிழமையையாவது கடவுளுக்கு விட்டு வைங்க, மிஸ்டர் தாரோல்ட்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஓபராவின் ஒவ்வோர் அங்கமும் தொடங்கியதும் அரங்கின் கதவுகளைப் பூட்டும் வழக்கத்தையும் கொண்டுவந்தேன். பிந்தி வந்த பிரபு ஒருவர் ரோஜாத் தோட்டத்தில் நின்றே முதல் அங்கத்தைக் கழித்தார். யாருக்கும் திறப்பதில்லை.

மிஞ்சியது ஹெஸ்டரின் இருமல். அவள் மாடியில் படுத்திருந்தாலும் சுவர் வழியே அரங்கத்துக்குக் கேட்கும்.

"காக்காய விரட்டியாச்சு, கடிகாரத்த நிறுத்தியாச்சு. அடுத்து நான்தானே, ஆம்ப்ரோஸ்?" என்பாள். எப்போதும் வேடிக்கைதான் அவளுக்கு.

போன சனிக்கிழமை என் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி கேட்டாள். "இன்னிக்கு நான் பாடின பாட்டு வருது. ஒரே ஒரு தடவ உள்ள உக்காந்து கேக்கறேனே."

"இருமல் வந்தா?"

"வந்தா எழுந்து போயிடறேன். எனக்காகக்கூடக் கதவத் திறக்க மாட்டியா?"

ஒருத்திக்குத் திறந்தால் அப்புறம் அந்த வழக்கத்துக்கு என்ன அர்த்தம்? மறுக்கவும் மனம் வரவில்லை. அபின் கலந்த இருமல் மருந்து வீட்டில் இருந்தது. இதயம் பலவீனம், ஒரு கரண்டிக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழ்நாளெல்லாம் எண்ணியே பழகியவன் நான். அன்று கரண்டிகளை எண்ணவில்லை.

"போதும். நான் பாட்டு கேக்கணும், தூங்கக் கூடாது" என்றாள்.

இன்னும் ஒன்று கொடுத்தேன்.

அரங்கில் எங்களுக்கென்றே இருந்த தனி மாடத்தில் நாங்கள் இருவர் மட்டும், கதவு வழக்கம்போல் பூட்டியிருந்தது. அவளுடைய பாட்டு தொடங்கியபோது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிலையில் ஒரு மனிதனால் வேறென்ன செய்ய முடியும்? பாட்டு முடிவதற்குள் அந்தக் கை கனத்துவிட்டது. அங்கம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் மாடத்தைப் பூட்டிவிட்டுப் புல்வெளிக்குப் போனேன். ஹெஸ்டர் தூங்குகிறாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். "இன்னிக்கு ஒரு இருமல்கூடக் கேக்கல. பொண்டாட்டிய நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள் பக்கத்து எஸ்டேட்டுச் சீமாட்டி. குளிர்ந்த சால்மன் மீனை அவள் தட்டில் வைத்தேன். இரண்டாம் பாதியிலும் ஹெஸ்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவ்வளவு அமைதி இந்த அரங்கத்தில் இருந்ததே இல்லை.

மாடத்துச் சாவி யாரிடம் இருந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள். என் கோட்டின் உள்பையில். பாட்டின் நடுவே அவளுடைய மறு கை நீண்டு வந்து, அந்தப் பையின் மேல் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் போடுகிறாள், பாட்டை அனுபவிக்கிறாள் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தாளம் மட்டும் பாட்டோடு சேரவில்லை. ஹெஸ்டருக்குத் தாளம் தப்பி நான் பார்த்ததே இல்லை.