பூச்சிக்கு மருந்து ஊற்றியவன் பேசுகிறேன்

தலைமை தாங்கும் சாயப்பட்டறைச் சங்கத் தலைவர் சண்முகவேல் அவர்களே! சான்றிதழைக் கையில் தந்து எங்கள் வயிற்றில் பாலை வார்த்த அதிகாரிகளே! பரளச்சியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் வெயிலை வென்று வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! இந்த மேடைக்குப் பின்னால், தொட்டிக்குள்ளே, கழிவைத் தின்றுகொண்டிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களே! தொட்டிக்காரன் முத்துராஜின் முதல் வணக்கம்.

சிரிக்காதீர்கள். அவற்றிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

சிவந்து வரும் சாயத்தண்ணீரில் சுண்ணாம்பும் படிகாரமும் கலந்தால் சாயம் திரண்டு அடியில் தங்கும். தங்காமல் தப்பியதைத் தின்று தீர்ப்பது யார்? நுண்ணுயிர்! காற்றூதும் தொட்டியில் அவற்றைக் கண்ணாக வளர்க்க வேண்டும். அதற்கு வாய்த்தவன் யார்? இருபது ஆண்டு பருத்தி பயிரிட்ட நான்!

பொறியாளர் தங்கலட்சுமி ஒருநாள் தொட்டியை எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அண்ணே, பூச்சி நல்லாப் பெருகியிருக்கு. பாத்துக்கங்க.”

பருத்திக்காரன் காதில் பூச்சி என்று விழுந்தால் கை எங்கே போகும்? ஆமாம் அண்ணாச்சி, அங்கேதான் போனது! வீட்டுக்கு ஓடினேன், மருந்தை எடுத்தேன், மடமடவென ஊற்றினேன், மார்பை நிமிர்த்தி நின்றேன்.

அவர் பூச்சி என்றது நுண்ணுயிர்களைத்தான்! அத்தனையும் செத்து, மறுநாள் தொட்டி நாறியது. தொட்டி மட்டுமா நாறியது? இருபதே நாளில் அதிகாரிகளின் சோதனை. தண்ணீர் தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, அறுபது குடும்பத்துக்கு வேலை இல்லை. செய்ததைச் சொல்லி அழுதேன் ஐயா, வெட்கமில்லாமல் அழுதேன்.

தங்கலட்சுமி திட்டவில்லை. கெட்ட தண்ணீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் தனித்தொட்டியில் அடைத்தார். வேறோர் ஆலையிலிருந்து நுண்ணுயிர் நிறைந்த சேற்றை லாரியில் வரவழைத்தார். அவற்றுக்குத் தீனியாகச் சாணமும் வெல்லமும் கேட்டார். சாயம் முக்கும் வெள்ளைத்தாய் தினமும் சாணி வாளியோடு ஷேர் ஆட்டோவில் வந்தார். வாளியை மடியில் வைக்கச் சொன்ன டிரைவரோடு சண்டையும் போட்டார். கரைத்தோம், ஊட்டினோம், காற்றை ஊதினோம், காத்துக் கிடந்தோம். பதினெட்டாம் நாள் தண்ணீர் தெளிந்தது! சோதனையில் தேறியது! பட்டறை திறந்தே இருக்கிறது!

சான்றிதழ் வந்ததும் வெள்ளைத்தாய் என்னிடம் வந்தார்.

“ஏப்பா முத்துராசு, இனிமே யாரும் பூச்சின்னு சொன்னா, சாப்புட்டுச்சான்னு கேளு.”

கேட்கிறேன் தாயே, காலையும் மாலையும் கேட்கிறேன்! இதோ, வெல்லக் கரைசல் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். வழி விடுங்கள், பிள்ளைகள் பசியோடிருக்கின்றன!