எல்லா மாப்பிள்ளையும் பிரெஞ்சு

தட்டாஞ்சாவடியில் டெம்போ ஏறிய இரண்டு கம்ப்யூட்டர் பையன்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"கல்யாணத் தகவல் மையத்து டேட்டாபேஸ்ல மொத்த மாப்பிள்ளையும் பிரெஞ்சு சிட்டிசன் ஆயிட்டானுங்க" என்றான் கண்ணாடி போட்டவன்.

"எப்பிட்றா?"

"ஒருத்தனுக்குத்தான் மாத்தச் சொன்னாங்க. யாருக்குன்னு கமாண்டுல போட மறந்துட்டேன். பிரெஞ்சு மாப்பிள்ளைன்னதும் காலையிலேர்ந்து பொண்ணு வீட்டுப் போனு ஓயல."

"அதுக்குத்தான் எக்செலே போதும்னேன். பேக்கப் இருக்குல்ல, பழசத் திருப்பிப் போடு."

"திங்கக்கிழமை போட்டுடுறேன்."

"அதுவரைக்கும் அவங்கல்லாம் ஏமாறணுமா? பாவம்டா."

"ஞாயித்துக்கிழமை வில்லியனூர்ல நான் பொண்ணு பாக்கப் போறேன். என் பேரும் அதுலதான் இருக்கு."

மற்றவன் அவன் பக்கம் நெருங்கி உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"திங்கக்கிழமைக்குள்ள என் பேரையும் சேத்து விடேன்."