பம்பின் குரல்

எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, மெக்கானிக் அண்ணா. என் வீட்டுக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோகிற வேன் அது. காலையில் சாவியைத் திருப்புவது என் வேலை. பின்னால் குனிந்து டேங்கில் காது வைப்பது அவர் வேலை. இஞ்சின் கிளம்புமுன் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை மேலே தள்ளும். அப்போது சன்னமாக ஒரு முனகல் வரும். அதைக் கேட்கத்தான்.

"இன்னொரு தடவ திருப்பு. இவளுக்கு இன்னைக்குத் தொண்ட கட்டியிருக்கு."

இவள் என்பது பம்ப்.

"கால் டேங்குக்குக் கீழ இறங்கவே விடக்கூடாதுடி. பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாதான் இவ சூடாகாம இருப்பா."

வருஷத்துக்கு ஒருமுறை ஃபில்டரையும் தவறாமல் மாற்றுவார். அது அடைத்துக்கொண்டால் பம்ப் மூச்சுத் திணறி எரிந்துபோகுமாம். எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். நான் நன்றாகக் கேட்டுக்கொள்வேன்.

போன மழைக்கு எனக்கே தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் குரல் வரவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்றார்.

கோபமெல்லாம் இல்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை.

ஃபில்டரில் நீங்கள் வழித்தெடுத்த வெள்ளைக் களிம்பு என் முகப் பவுடர். கல்யாணமானதிலிருந்து அதைத்தான் பூசுகிறேன். ஒருநாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. டேங்குக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்ததும், "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தார். எனக்கு இதமாகத்தான் இருந்தது. டப்பா காலியானபோது இன்னொன்று கேட்டேன். அவரே வாங்கிவந்தார்.

வேன் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. ரொட்டி போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் சரியா கேக்கல. காது மந்தமாயிடுச்சு" என்று அழுதார். நானும் அவரை விட்டுக்கொடுக்காமல், "வயசாகுதுல்லங்க" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஒருவிதத்தில் அவர் நல்லதுக்குத்தான். ஓய்வே அறியாத மனுஷன், இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். இனி என்னை விட்டால் பேச யார் இருக்கிறார்கள்?

நேற்றுச் சமையலறையில் நின்றவர் என்னைக் கூப்பிட்டார். ஆசையாகத்தான் போனேன். ஃபிரிட்ஜில் காதை ஒட்டியிருந்தார்.

"இங்க வந்து கேளேன். இவளும் நல்லாத்தான் பேசுறா."

அண்ணா, உங்களுக்கு ஃபிரிட்ஜ் வேலை தெரியாதுதானே?