தொண்ணூத்தாறாம் பக்கம்

இல்லை இல்லை, கரண்டெல்லாம் வரது. சுவிட்சைப் போட்டா ரெண்டு செகண்ட் ஃபேன் சுத்தும், நின்னுடும். மறுபடி ரெண்டு செகண்ட் சுத்தும், நின்னுடும். திரையில ஒண்ணும் வராது. மூணு நாளா இதே கதை. கிழக்கேகோட்டையிலேர்ந்து ஆட்டோவுல இந்தக் கம்ப்யூட்டரை மடியில வெச்சுண்டு வந்தேன். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பாம் ஏதாவதோன்னு நினைச்சிருப்பான், பாவம்.

சாமின்னு கூப்பிடாண்டாம். மாமான்னு சொன்னா மதி. வெளியில இசக்கி கம்ப்யூட்டர்ஸ்னு போர்டைப் பார்த்துத்தான் நுழைஞ்சேன், தமிழ்ல சொன்னாப் புரிஞ்சுக்கற ஆளா இருப்பான்னு. இசக்கி உன் அப்பாவா? நீ ஷிபு. சரிதான். அப்பா பேர் ஆரல்வாய்மொழிக்கு அந்தண்டைத் தமிழ், பிள்ளை பேர் இந்தண்டை மலையாளம். பேரைக் கேட்டாலே தெரியறது.

என்ன பண்ணினேன்னா... ஒளிக்காமச் சொல்லிடறேன். மிஷின் கண் முழிக்கறச்சே முதல்ல ஓடுமே, அந்த பயாஸை மாத்தினேன். ஆமாம், நானேதான். ஏன் அப்படிப் பார்க்கறே? அறுபத்தொம்பது வயசுக்காரன் பண்ணப்படாதா? புதுப் பதிப்பைப் பென்டிரைவுல இறக்கி, அதுல சொன்னபடிதான் ஏத்தினேன். நூறு சதவீதம்னு கோடு நிறைஞ்சு நின்னுது. அது ஒழுங்காத்தான் முடிஞ்சுது. தப்பு அதுக்கப்புறம். வேகத்தைக் கூட்டினேன். ஓவர்கிளாக்கிங்னு சொல்றேளே, அது. முப்பத்தஞ்சுன்னு இருந்ததை நாப்பத்தெட்டாக்கி, வோல்டேஜையும் ஏத்தி, எஃப் பத்தை அமுக்கி சேவ் பண்ணினேன். அவ்வளவுதான், கண்ணை மூடிடுத்து.

கேமா? நானா? நான் அச்சாபீஸ்ல முப்பத்துநாலு வருஷம் ப்ரூஃப் பார்த்தவனாக்கும். எனக்கு விளையாட்டுன்னா எழுத்துப் பிழை பிடிக்கறதுதான். இதோ பாரு, இதோட கூட வந்த புஸ்தகம். நூத்துநாப்பது பக்கம். படிச்ச வரைக்கும் பத்தொம்பது பிழை இருக்கு, பென்சில்ல வட்டம் போட்டிருக்கேன் பாரு. கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. நான் எதையும் முதல் பக்கத்திலேர்ந்து வரிசையாத்தான் படிப்பேன். பொருளடக்கத்தைப் பார்த்துத் தாவற பழக்கமே கிடையாது. தொண்ணூத்தோராம் பக்கத்துல ஓவர்கிளாக்கிங் அத்தியாயம் முடிஞ்சுது. எழுந்துட்டேன்.

பின்னே எதுக்கு வேகம்னு கேக்கறே. சொல்றேன். நீ முதல்ல அதைத் திற.

உள்ள தூசியே இல்லைங்கறியா? நான்தான். சரஸ்வதி பூஜைக்கு வெக்கணுமேன்னு பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி, ஃபேன் இறக்கை ஒவ்வொண்ணையும் துடைச்சு, குங்குமம் வெச்சேன். பயப்படாதே, குங்குமம் வெளியிலதான். துடைச்சதுதான் முதல் தப்புன்னு அப்போ தெரியலை.

இந்தப் பொத்தான் மாதிரி பேட்டரியை எதுக்குக் கழட்டறே? ஓஹோ. அஞ்சு நிமிஷம் வெளியில வெச்சா, நான் மாத்தினது எல்லாத்தையும் மறந்துடுமா? கெட்டிக்கார மிஷின். மனுஷாளுக்கு வருஷக்கணக்கா ஆறது.

என் பிள்ளையோடது. வினய். ஒவ்வொரு பார்ட்டா வாங்கி அவனே சேர்த்தான். கழக்கூட்டத்துல அனிமேஷன் ஆபீஸ். சாயங்காலம் வந்ததும் கதவைச் சாத்திண்டு இதுக்கு முன்னால உட்கார்ந்துடுவான். இது அவன் படத்தையெல்லாம் மணிக்கணக்கா வேகவைக்கும். ஆங், ரெண்டரிங், அதேதான். இந்த ஃபேன் கூவற கூவல்ல கூடத்துல டிவி கேக்காது. ஏண்டா, ஆத்துக்குள்ள மாவு மில்லா வெச்சிருக்கேன்னு கத்துவேன். ஒருநாள் கோபத்துல ஃப்யூஸைப் பிடுங்கிட்டேன். ரெண்டு நாள் வேலை போச்சாம் அவனுக்கு. மெழுகுவர்த்தி இருக்காப்பான்னு மட்டும் கேட்டான்.

பாஸ்வேர்டா? தெரியாது. கேட்டுச் சொல்றதுக்கும் இல்லை. வேண்டாம் வேண்டாம், அதை எடுத்துடாதே. பூட்டினவன் அவன். பூட்டு அப்படியே இருக்கட்டும். திரையில அவன் பேர் வரும், கீழே ஒரு கட்டம் வரும். எனக்கு அது வரைக்கும் வந்தா மதி.

அட! வந்துடுத்து! எழுத்து வரதே! நீ நன்னா இருக்கணும் ஷிபு.

என்ன, தேதி தப்பா காட்டறதா? ரெண்டாயிரத்துப் பதினேழு ஜனவரி ஒண்ணா? அது கிடக்கட்டும், திருத்தாதே. பிழையைக் கண்டா கை சும்மா இருக்காது எனக்கு. ஆனா இதை விட்டுடு. எங்காத்துல இப்போ ஏறக்குறைய அந்த வருஷம்தான் நடக்கறது.

புது ஃபேனா? சத்தமே வராதா? அய்யோ, வேண்டாம்ப்பா. எனக்குச் சத்தம் வேணும். சத்தத்துக்குத்தானே வேகத்தையே கூட்டினேன். வேகம் ஏறினா சூடு ஏறும், சூடு ஏறினா ஃபேன் வேகமாச் சுத்தும்னு எழுபத்தெட்டாம் பக்கத்துல போட்டிருந்தது.

சிரி, சிரி. நானே சிரிக்க வேண்டியதுதான். ஆனா... என்ன சொன்னே? ஃபேனுக்குத் தனியா இடம் இருக்கா? வேகத்தைத் தொடாமலே? ஃபுல் ஸ்பீடுன்னு ஒண்ணைத் தட்டினாப் போறுமா? எந்தப் பக்கம்? குடு அந்தப் புஸ்தகத்தை.

தொண்ணூத்தாறு.

அஞ்சு பக்கம், ஷிபு. முப்பத்துநாலு வருஷம் கடைசி வரியில இருக்கற அச்சகத்தோட பேர் வரைக்கும் படிச்சவன், அஞ்சே பக்கம் தள்ளி இருந்ததைப் படிக்காம எழுந்திருக்கேன். ஜெயலக்ஷ்மி கூடத்துலேர்ந்து கூப்பிட்டா. என் ஆம்படையா. மணி ஆறாச்சே, வினய் இன்னும் வரலையான்னு கேட்டா.

அவன் போய் நாலு வருஷம் ஆச்சு. கழக்கூட்டம் பைபாஸ்ல, பைக். ஆபீஸ்லேர்ந்து கிளம்பிட்டேன்னு ஃபோன் பண்ணினான், அதோட சரி. ஒரு வருஷம் அழுதா இவ. அப்புறம் ஒவ்வொண்ணா மறக்க ஆரம்பிச்சா. அடுப்பை அணைக்க, தெருப் பேரு, என் பேரு. கடைசியில அவன் போனதையும் மறந்துட்டா. ஒரு சாயங்காலம், வினய் வந்தாச்சான்னு கேட்டா. நான் உள்ளதைச் சொன்னேன். தப்பா இருக்கறதை அப்படியே விட எனக்கு வராது, அதுதானே என் வியாதி. அவன் அன்னிக்குத்தான் போனாப்பல விழுந்து அழுதா. மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி கேட்டா. மறுபடி சொன்னேன். பதினோரு சாயங்காலம் அவ பிள்ளை செத்தான், ஷிபு. பதினோரு தடவையும் நான்தான் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் அவன் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். எதுக்குன்னு தெரியாது, இதோட சுவிட்சைப் போட்டேன். தூசி அடைச்ச ஃபேன், ஓன்னு கூவித்து. வெளியில காலடிச் சத்தம் கேட்டுது. காப்பியைக் கதவண்டை வெச்சுட்டுப் போயிட்டா. கேள்வி இல்லை, அழுகை இல்லை. வேலையா இருக்கறச்சே கதவைத் தட்டாதேன்னு அவன் சொல்லியிருக்கானே, அதை மட்டும் மறக்கலை. அன்னிலேர்ந்து தினம் ஆறு மணிக்குப் போடறேன்.

பூஜைக்குன்னு துடைச்சேனே, சத்தம் அடங்கிப் போச்சு. பிள்ளைக்கு ஜுரமோன்னு பயந்து கதவைத் திறந்துட்டா. உள்ள நான் உட்கார்ந்திருந்தேன். அப்போ பன்னிரண்டாவது தடவை சொன்னேன். அதுக்கப்புறம்தான் இந்தப் புஸ்தகத்தைக் கையில எடுத்தேன்.

மூணு நாளா என்ன சொல்லிச் சமாளிச்சேனா? ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, அங்கேயே தங்கிட்டான்னேன். பொய் சொல்லவும் கத்துண்டாச்சு. இன்னிக்குக் காலம்பற, ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் குடுங்கோ, நானே பேசறேன்னா. அதான் ஓடி வந்தேன்.

நீ ஏன் கண்ணைத் துடைக்கறே? வேலையைப் பாரு. தட்டு அதை. ஃபுல்லே தட்டு.

ம். இன்னும் ஏறட்டும். ஆங்... இதான். அதே மாவு மில்.

இது மதி, கட்டிக் குடுத்துடு. மணி நாலரை ஆச்சு, ஆட்டோ கிடைக்கணும். ஆறு மணிக்குக் காப்பி வெச்சுடுவா. யார் குடிக்கறதா? நான்தான், உள்ள உட்கார்ந்துண்டு. காலி டம்ளரைத் திரும்பி வெக்கணுமே. வினய் சர்க்கரை போட்டுக்க மாட்டான். எனக்கு ரெண்டு ஸ்பூன் வேணும். ஆனா கதவுக்கு அந்தண்டை உட்கார்ந்துண்டு எப்படிக் கேக்கறது?